கறையான் தின்னாத சிவப்பு

சமாதானம் படித்துவிட்டு வா என்று என்னை உத்திரமேரூருக்கு அனுப்பினார்கள். எனக்குச் சமாதானம் தெரியாது என்று இவர்களுக்கு யார் சொன்னது? முழங்காலில் நின்று, இரும்பு விறாண்டியால் மண்ணைச் சாண் சாணாகச் சுரண்டி, மிதிவெடி எடுத்தவள் நான். முல்லைத்தீவுப் பக்கம் நான் சுரண்டிய மண்ணில் இப்போது சனம் கச்சான் கடலை போட்டிருக்கிறது. அதைவிடச் சமாதானம் வேறு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எங்கள் வேலைக்குக் காசு தந்தது ஒரு வெளிநாட்டு அரசாங்கம். பல வருடம் தந்தார்கள். நான் நன்றி கெட்டவள் இல்லை. என் முகக்கவசம், மார்பு அங்கி, விறாண்டி, சம்பளம், அந்தச் சம்பளத்தில் அக்காவின் வீட்டுக்குப் போட்ட கூரை எல்லாம் அந்தக் காசுதான். பிறகு ஒரு காலையில் விசில் ஊதி எல்லாரையும் வெளியே கூப்பிட்டார்கள். யாருக்கோ காயம் என்று நெஞ்சு பதற வந்து நின்றோம். காயம் இல்லையாம். அந்த நாட்டில் ஆட்சி மாறி மனமும் மாறிவிட்டதாம், நிதி நிறுத்தமாம், சாமான்களைக் கட்டுங்கள் என்றார்கள். நான் சுரண்டிக்கொண்டிருந்த வரிசை பாதியில் நிற்கிறது. அந்தப் பாதிக்கு அப்பால் அக்காவின் கிணறும் தென்னங்காணியும் இருக்கின்றன. இப்பால் அக்கா இருக்கிறாள்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது தலையில் சிவப்பு அடித்த தடிகள். எங்கள் வேலையில் எழுத்து அதுதான். வெள்ளைத் தலைத் தடிகளுக்குள் நடக்கலாம், சிவப்புத் தலைத் தடியைத் தாண்டக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்கும் அது தெரியும். அந்தத் துண்டுக் காணியில் தேங்காய்கள் விழுந்து, பொறுக்க ஆளில்லாமல், விழுந்த இடத்திலேயே முளைத்துக் கிடக்கின்றன. தேங்காய் விற்கிற விலையில் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எல்லாராலும் முடியாது. தடி நிற்கும் மட்டும்தான் சனமும் நிற்கும்.

வெடி எடுக்க நிதி இல்லை. ஆனால் சமாதானக் கற்கைச் சுற்றுலா என்று வேறொரு பெட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்ததாம். அந்தப் பெட்டியிலிருந்து எடுத்து இந்தப் பெட்டியில் போடக் கூடாதாம். விறாண்டிக்குக் காசு இல்லை, விமானத்துக்கு இருக்கிறது. நான் வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். எங்கள் நிறுவனத்தின் பொறுப்பாளர் மகேந்திரன் சேர் வீடு தேடி வந்தார்.

"பிள்ளை, போயிட்டு வா. அந்த நாட்டு அம்மாவும் வாறா. அவ எழுதிற அறிக்கையிலதான் திரும்பக் காசு வருமோ வராதோ எண்டது இருக்கு. வாயைக் குடுக்காமல் நல்லாக் கதை."

அதற்காகத்தான் வெளிக்கிட்டேன். முழுக்க வேண்டாம், அக்காவின் கிணறு மட்டுமாவது முடித்துத் தாருங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்ற எண்ணம்.

உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறைகளில் எங்களைத் தங்க வைத்தார்கள். என்னைப்போல வேலை போன பத்துப் பன்னிரண்டு பேர், கூட மகேந்திரன் சேர். உள்ளே நுழைந்ததுமே ஆளுக்கொரு பை. பைக்குள் தொப்பி, தண்ணீர்ப் போத்தல், பேனா, சட்டை. ஒவ்வொன்றிலும் அந்த நாட்டின் கொடி போட்ட வெள்ளை ஸ்டிக்கர். 'இது எங்கள் மக்களின் சமாதானப் பரிசு' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. தமிழில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. அவ்வளவு கவனம். குளியலறை வாளியில் ஒட்டவில்லையே என்று பார்த்தேன். ஒட்டியிருந்தார்கள்.

காலையில் மண்டபத்துச் சமையல்காரர் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். "நாஷ்டா ரெடியா கீது. ஆறிப்போவறதுக்குள்ள வந்து துன்னுங்க." இட்டலியும் வடகறியும். நான் தேங்காயை இடித்துச் செய்கிற இடிசம்பல் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு இன்னொரு கரண்டி தேங்காய்ச் சட்னி வைத்தார். வடகறிக்கு நான் சாட்சி, எங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லாதது எங்களுக்குத்தான் நட்டம்.

மதியம் இலைச் சாப்பாடு. நாங்கள் சோற்றைச் சுற்றிக் கறிகளை ஒரேயடியாக வைத்துக் குழைத்துச் சாப்பிடுகிறவர்கள். இங்கே சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. நிதி தருகிற நாடு போலத் தவணை தவணையாகத் தருகிறார்கள் என்று பக்கத்து இலைக்காரியிடம் சொன்னேன். "ஆனா பாதியில நிப்பாட்டேல்ல" என்றாள் அவள். இருவரும் மோர்ச் சோற்றை இன்னொரு தரம் வாங்கிக்கொண்டோம்.

மாலையில் தேநீர் குடிக்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். ஒரு பக்கம் ஜல்லி லாரி, ஒரு பக்கம் ஷேர் ஆட்டோ, நடுவில் ஒரு பசுமாடு. மூன்றும் ஒன்றுக்கொன்று வழி விடுவதாக இல்லை. எங்கள் ஊரில் தேநீர் என்றால் ஒரு பெரிய கோப்பை நிறையப் பிளேன்டீ. இங்கே இரண்டு மிடறுக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை, பாலும் சீனியும் நாக்கில் ஒட்டுகிறது. என் பேச்சைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் திரும்பினார்.

"சிலோனா நீங்கோ? அங்க இன்னும் சண்ட நடந்துகினு கீதா?"

"இல்லை, முடிஞ்சு கனகாலம்."

"அப்பால இன்னா பேஜாரு? இன்னாத்துக்கு இம்மாந் தூரம் வந்தீங்க?"

"சமாதானம் படிக்க."

அவர் குவளையை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "இங்கியா? தோ, போன வாரம் இதே எடத்துல ஆட்டோக்காரனுங்க ரெண்டு பேரு சட்டைய புட்ச்சிகினானுங்க. அத்த பாத்திருக்கணும் நீங்க."

மறுநாள் வைகுண்டப் பெருமாள் கோயில். சுவர் முழுக்க எழுத்து. குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த விதிகளை வழிகாட்டி ஒருவர் சொல்லிக்கொண்டு போனார். சொந்தமாக நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டி இருக்க வேண்டும். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது, அவனுடைய உறவுக்காரர்களும் நிற்க முடியாது. இது எனக்குப் பிடித்துவிட்டது. பாதியில் விட்டுவிட்டுப் போனவர்களுக்கு என்ன விதி என்று கேட்டேன். வழிகாட்டி கல்வெட்டை ஒரு தரம் பார்த்தார். மகேந்திரன் சேர் என்னை ஒரு தரம் பார்த்தார்.

அந்த நாட்டு அதிகாரியம்மா அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தார். உயரமான பெண், வெயிலில் முகம் செக்கச் சிவந்திருந்தது, எல்லாரிடமும் கைகூப்பினார். கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பேச்சை மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து நிவேதா என்ற பெண் வந்திருந்தாள். மண்டபத்துக்குத் திரும்பியதும் ஒரு மண்குடம் கொண்டுவந்து வைத்தார்கள். குடத்தின் வயிற்றிலும் ஸ்டிக்கர். ஆளுக்கொரு ஓலை நறுக்கைக் கொடுத்து, உங்கள் சமாதானக் கனவை எழுதிக் குடத்தில் போடுங்கள் என்றார்கள். நான் 'அக்காவின் கிணறு வரை வெடி எடுத்துத் தாருங்கள்' என்று எழுதிப் போட்டேன். அதிகாரியம்மா கையை விட்டு ஒரு ஓலையை எடுத்தார். அதில் 'அன்பு' என்று இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மிச்ச ஓலைகளை யாரும் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு மகளிர் குழுவைப் பார்க்க மானாம்பதிப் பக்கம் வேனில் போனோம். பாதி வழியில் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் அத்தனை பேரும் இருக்கைக்குக் கீழே குனிந்துவிட்டோம். டிரைவர் இறங்கிப் பார்த்தார், மாற்று டயரை எடுத்தார், அதிலும் காற்று இல்லை. "பஞ்சர் போட்டுகினு வந்துர்றேன், நெயல்ல நில்லுங்க" என்று வந்த ஒரு பைக்கில் டயரோடு ஏறிப் போய்விட்டார். ஒரு புளியமரம் இருந்தது, அதன் கீழ் நின்றோம்.

சாலைக்கு அந்தப் பக்கம் தரிசாகக் கிடந்த வயல். அதில் சில ஆடுகள் மேய்ந்தன, ஒரு பெண் கையில் கோலோடு நின்றாள். அதிகாரியம்மாவுக்கு ஆடுகளைப் படம் எடுக்க ஆசை. செல்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து வயலுக்குள் இறங்கிவிட்டார். அப்போதுதான் நான் பார்த்தேன். வயலில் வரிசை வரிசையாக வெள்ளைத் தடிகள், ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு. அவர் ஒரு சிவப்பைத் தாண்டிப் போய்விட்டார்.

என் வாய் என்னைக் கேட்கவில்லை. வேலைத்தலத்தில் கத்துகிற கத்தலைக் கத்திவிட்டேன். "நில்லுங்கோ. அசையாதேங்கோ. காலைத் தூக்காதேங்கோ."

எங்கள் ஆட்கள் ஒருவர் விடாமல் நின்ற இடத்தில் சிலையானார்கள். அதிகாரியம்மாவும் ஒரு காலை முன்னே வைத்தபடி நின்றார். அவருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நான் சாலை ஓரத்தில் முழங்காலில் விழுந்து, விரலால் மண்ணைத் தடவித் தடவி, ஒரு சாண் ஒரு சாணாக அவரை நோக்கி நகர்ந்தேன். விறாண்டி இல்லை, முகக்கவசம் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் அது நினைவிலேயே இல்லை. அந்த ஆட்டுக்காரப் பெண் வயலின் குறுக்கே விறுவிறு என்று நடந்து வந்தாள்.

"இன்னாம்மா, இன்னாத்துக்கு இப்டி கத்துற? பாம்பு கீதா?"

"தங்கச்சி, நில்லும். நடக்காதேயும். சிவப்புத் தடி உமக்குத் தெரியேல்லையா?"

"தெரியாம? நாந்தான பெயிண்ட் அட்ச்சேன்."

நான் முழங்காலில் இருந்தபடியே அவளைப் பார்த்தேன். அவள் என்னை, கால் நகர்த்தாமல் நிற்கும் வெள்ளைக்கார அம்மாவை, புளியமரத்தடிச் சிலைகளை எல்லாம் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிளாட்டும்மா இது. வூட்டு மனை. நெல்லு வெளஞ்ச நெலந்தான், வித்துட்டாங்க. அளந்து கல்லு நட்டுகிறாங்க. இன்னா, உங்க ஊர்ல பிளாட்டு போட மாட்டாங்களா?"

முதலில் சிரித்தது எங்கள் ஆட்கள்தான். பயந்த சனத்தின் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும், நிற்காது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானத்தில் காது இரண்டும் கொதித்தது. அதற்குள் அதிகாரியம்மா ஓடிவந்து, மண்ணில் இருந்த என்னைத் தூக்கிக் கட்டிப்பிடித்து அழுதார். உண்மையாகத்தான் அழுதார், என் தோள் நனைந்தது. அழுகைக்கு நடுவே ஏதோ சொன்னார்.

நிவேதா மொழிபெயர்த்தாள். "உங்கள் மனதில் இவ்வளவு ஆழமான காயம் இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டதாம். ஊர் திரும்பியதும் உங்கள் குழுவுக்கு மனநல ஆலோசனை ஏற்பாடு செய்கிறாராம். அதற்கு நிதி இருக்கிறதாம்."

இருக்கிறதாம். பயத்துக்கு மருந்து வாங்கக் காசு இருக்கிறது, பயத்தைத் தோண்டி எடுத்து வெளியே போடக் காசு இல்லை. எனக்குள் இருந்த மரியாதை எல்லாம் அந்த வயலிலேயே உதிர்ந்தது.

"அவவிட்டச் சொல்லும்" என்றேன். "எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. சிவப்பைக் கண்டால் நிக்கிறது வருத்தம் இல்லை, படிப்பு. இதே காசில அவைதான் எனக்குப் படிப்பிச்சவை. வருத்தம் நிலத்துக்கு. நிலத்துக்கு வைத்தியம் செய்யச் சொல்லும்."

நிவேதா மூன்று சொல்லில் அதை மொழிபெயர்த்தாள். அதிகாரியம்மா என் கையைத் தட்டிக் கொடுத்தார். என்னதான் சொன்னாளோ.

டயர் வர நேரமாயிற்று. நான் மற்றவர்களோடு போய் நிற்கப் பிடிக்காமல் அந்தப் பெண்ணோடு வரப்பில் உட்கார்ந்தேன். பெயர் கஸ்தூரி. மடியில் இருந்து வறுத்த மல்லாட்டையை எடுத்து என் கையில் போட்டாள். எங்கள் கச்சானைத்தான் இங்கே மல்லாட்டை என்கிறார்கள்.

"கோச்சிக்காதம்மா" என்றாள். "நீ மண்ண தடவிகினு வந்தத பாத்து, எத்தையோ தொலச்சிட்ட போலன்னு நெனச்சேன். இன்னா அது, கல்லு தாண்டுனா வெடிக்குமா உங்க ஊர்ல?"

சொன்னேன். கிணற்றைச் சொன்னேன், முளைத்த தேங்காயைச் சொன்னேன். அவள் ஆட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"இங்க வெடிக்காது. ஆனா தாண்ட வுட மாட்டாங்க. தோ தெரியுது பாரு, அந்தாண்ட, அது எங்க தெரு. இந்த வயலு வழியாதான் நேரா நடந்து களை எடுக்க போவோம். இப்ப ரோட்டால சுத்திகினு போவணும். வாச்மேன் தொரத்துவான். அவன் சாப்ட போய்கீறான், அதான் ஆட்ட வுட்டேன்."

"உங்களுக்கு இஞ்ச காணி இருந்ததோ?"

"எங்களுக்கு ஏதும்மா நெலம்? அப்பன் காலத்துலயும் கூலி, இப்பவும் கூலி. கல்லுக்கு பெயிண்ட் அடிக்கவும் கூலி. எங்க வூட்டுக்காரு கல்லு ஊத்துற எடத்துல வேல." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "கோயில்ல கல்வெட்டு காட்டுனாங்களா? நானு உள்ள போயி பாத்ததில்ல. இன்னா எழுதிகீது?"

"நிலம் இருக்கிற ஆக்களின்ர பேரைத்தான் குடத்தில போடுவினமாம்."

"அப்ப நம்ம பேரு உள்ள போயிருக்காது" என்றாள், ஆட்டை ஒரு அதட்டல் அதட்டினாள்.

நான் பக்கத்தில் இருந்த கல்லைத் தட்டிப் பார்த்தேன். உறுதியான கல். கறையான் தின்னாதா என்று கேட்டேன். "கல்ல எப்டிம்மா கறையான் துன்னும்?" என்று அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஒருவரையும் கொல்லாத நிலத்துக்குக் காங்கிரீட்டில் கல். ஆளைக் கொல்லுகிற நிலத்துக்கு மரத் தடி. வீட்டு மனை விற்கிறவனுக்கு இருக்கிற அக்கறை ஒரு அரசாங்கத்துக்கு இல்லை.

அன்று பொழுது சாயும் நேரம் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அங்கே காற்றும் மழையுமாம். மாடு கன்று, கூரை என்று சுற்றிச் சுற்றிக் கதைத்தாள். நான் தடிகளைக் கேட்டேன்.

"கொஞ்சம் விழுந்துபோச்சு. தூக்கிப் பாத்தன், அடியெல்லாம் கறையான். சனம் விளிம்பால நடக்கத் தொடங்கீட்டுது, மதி."

"நீ போகேல்லத்தானே?"

அக்கா மறுபடி கூரை ஒழுக்குக்குத் திரும்பினாள்.

"அக்கா, உன்னைத்தான் கேக்கிறன்."

"ஒரு தேங்காய்தானடி. விளிம்பிலதான் கிடந்தது."

நான் செல்பேசியைப் பிடித்தபடி அவளைத் திட்டினேன். எங்கள் அம்மா திட்டியிருக்கமாட்டாள் அப்படி. அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு தரம் போய் உயிரோடு வந்தவள் மறுதரமும் போவாள். எங்கள் வேலையில் இது எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

கடைசி நாள் நிறைவு விழா. மேடையில் துணிப் பதாகை, பொன்னாடை, பூச்செண்டு. நன்றியுரை என் தலையில். மகேந்திரன் சேர் காதில் சொன்னார்: "பிள்ளை, வாயைக் குடுக்காதை." நான் ஒலிபெருக்கியைப் பிடித்து, வந்த நாட்டுக்கும் தந்த நாட்டுக்கும் நன்றி சொன்னேன். பிறகு சொன்னேன்.

"எங்கட தடியளைக் கறையான் திண்டிட்டுது. என்ர அக்கா நேற்று சிவப்புக்கு அங்கால போய் ஒரு தேங்காய் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறா. வெடி எடுக்கக் காசு இல்லாட்டி விடுங்கோ. அது வரைக்கும் சனத்தை மறிக்கக் கல்லாவது தாங்கோ. இந்த ஊரில வீடு கட்டிற காணிக்கே கல்லு நடுகினம். இது நன்றியுரை, எனக்குத் தெரியும். உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேணும் எண்டால் அக்கா உயிரோட இருக்க வேணும்."

இந்த முறை நிவேதா முழுக்க மொழிபெயர்த்தாள். அதிகாரியம்மா தலை குனிந்து கேட்டுவிட்டு, நேர்மையாகப் பதில் சொன்னார். முன்னுரிமைகள் மாறிவிட்டன, முடிவு தன் கையில் இல்லை. இந்தத் திட்டத்தில் கல், சீமெந்து போன்ற பொருள்கள் வாங்க அனுமதி இல்லை. பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் விளம்பரப் பொருள்களுக்கும் மட்டும்தான் அனுமதி. தனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு குட்டி மண்குடத்தைக் கையில் தந்தார்கள். அதன் வயிற்றில் என்ன ஒட்டியிருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிற்பகலில் கலை நிகழ்ச்சி. நான் ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துக் கஸ்தூரியின் தெருவுக்குப் போனேன். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஏழு பேர், என் மடியில் யாருடையதோ காய்கறிக் கூடை. இறங்கியபோது கால் மரத்துப்போயிருந்தது. கஸ்தூரி என்னைக் கல் ஊற்றுகிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். கல் ஊற்றப் பழக வேண்டும் என்று நான் கேட்டதும் அவள் புருஷன் மரப்பெட்டிக்கு எண்ணெய் தடவி, உள்ளே ஒரு கம்பியை நிறுத்தி, கலவையைக் கொட்டிக் குத்திக் காட்டினார். பெட்டியைக் கழற்றுகிற விதத்தையும் காட்டினார். பெயிண்ட் கஸ்தூரியின் பாடம்.

"செவப்ப நேரா கல்லு மேல அடிக்காத, கல்லு குடிச்சிடும். மொதல்ல வெள்ள ஒரு கோட்டிங் குடு. அது காயட்டும். அப்பால செவப்பு அட்ச்சா மய வெயிலு ஒண்ணியும் பண்ணாது." போகும்போது மல்லாட்டைப் பொட்டலம் ஒன்றைப் பையில் திணித்தாள். "உங்க அக்காகிட்ட குடு. தேங்காய்க்கு போவாதன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

ஊர் வந்து, பையை வைத்துவிட்டு நான் செய்த முதல் வேலை மரப்பெட்டி அடித்ததுதான். வேலை போன இரண்டு பெண்கள் துணைக்கு வந்தார்கள். சீமெந்தும் கம்பியும் எப்படி வந்தன என்று கேட்காதீர்கள், வந்தன. கலவை குழைத்தோம், ஊற்றினோம், காய வைத்தோம், வெள்ளை அடித்துச் சிவப்பு அடித்தோம். விழுந்த தடிகளின் வரிசைக்கு ஒரு எட்டு எங்கள் பக்கமாகக் கல் நட்டோம். அனுமதி வாங்கினாயா என்று பிறகு நிறுவனத்தில் கேட்டார்கள். கறையான் அனுமதி வாங்கியதா என்று கேட்டேன்.

அக்கா உதவிக்கு வரவில்லை. வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ர காணிக்கு நீயே வேலி போடுறாய்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. கஸ்தூரியின் பொட்டலத்தைக் கொடுத்து, கஸ்தூரி சொன்னதைச் சொன்னேன். அக்கா ஒரு கச்சானை உடைத்து வாயில் போட்டு மென்றாள், கிணற்றின் பக்கம் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் கல்லைத் தாண்டவில்லை. தண்ணீருக்குப் பழையபடி சந்திக் குழாய்க்குத்தான் குடத்தோடு நடக்கிறாள்.

மழை முடிந்த பிறகு ஒரு நாள் நிறுவனத்தின் வாகனம் வந்து நின்றது. மகேந்திரன் சேர் இறங்கினார், முகமெல்லாம் சிரிப்பு. காசு வந்துவிட்டது என்று என் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது.

"பிள்ளை, அந்த அம்மாவின்ர அறிக்கை வந்திட்டுது. உன்னைப் பற்றி எழுதியிருக்கிறா. இந்தக் கல்லுகளைப் பற்றி நான் அறிவிச்சனான், அவ அதை உத்திரமேரூர்ச் சுற்றுலாவின்ர பயன் எண்டு போட்டிருக்கிறா. மேலிடத்துக்கு நல்ல சந்தோசமாம்."

"வெடி எடுக்க வருவினமோ?"

அவர் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்தார். "அது இப்ப இல்லை. இதை மட்டும் ஒட்டிப் படம் எடுத்து அனுப்பட்டாம்." கையில் இருந்த கட்டைப் பிரித்தார். கொடி போட்ட வெள்ளை ஸ்டிக்கர்கள். எங்கள் மக்களின் சமாதானப் பரிசு. அவர் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து, சிவப்பின் மேல், தூசி துடைத்து, சுருக்கம் விழாமல் ஒட்டினார். படம் எடுத்தார். என்னையும் நிற்கச் சொன்னார், நான் நிற்கவில்லை. வாகனம் போய்விட்டது.

சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. எங்கள் ஊரில் வெள்ளைக்கு என்ன பொருள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளை என்றால் வா, நடக்கலாம்.

நான் உள்ளே போய் மிச்சப் பெயிண்டையும் தூரிகையையும் எடுத்து வந்தேன். அக்கா தகரத்தின் மூடியை நெம்பித் தந்து, பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். கஸ்தூரி சொல்லித் தந்தது நினைவில் இருந்தது: முதலில் வெள்ளை ஒரு பூச்சு, பிறகு சிவப்பு. வெள்ளை ஏற்கெனவே இருந்தது. அதன் மேலேயே சிவப்பை அடித்தேன். நன்றாகப் பிடித்தது.